கரையோரக் கடல் மாதிரியில் நெஸ்டிங்: எல்லையைக் கவனியுங்கள்

கோவையில் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் கணினியில் ஓடவிட்டுப் பல வருடங்களாகின்றன. கடல் நீரோட்டத்தைக் கணக்கிடும் ரோம்ஸ் என்ற கணினி மாதிரியிலும் அதன் வழிவந்த குரோகோவிலும் நெஸ்டிங் செய்திருக்கிறேன். ஆழ்கடலுக்கு அகலமான கட்டங்கள், கரையோரத்துக்கு மட்டும் நுண்ணிய கட்டங்கள் என ஒன்றுக்குள் ஒன்றை வைக்கும் இந்த முறை இல்லாவிட்டால், எங்களைப் போன்ற சிறு ஆய்வகங்களுக்குக் கரையையொட்டிய ஆழம் குறைந்த கண்டத்திட்டுக் கடல் எட்டாக்கனிதான். கட்டத்தின் அகலத்தை மூன்றில் ஒன்றாக்கினால் கட்டங்கள் 9 மடங்காகும். காலப்படியும் (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) அதே அளவு சுருங்குவதால் வேலை 27 மடங்கு. வங்காள விரிகுடா முழுவதற்கும் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

புதிதாக வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மீட்டர் வரை நுண்மையாகப் போகலாம் என்பதுதான். எல்லையை எங்கே போடப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். கோபிசெட்டிப்பாளையத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்: "கீழ்பவானி வாய்க்கால் மாதிரிதானுங்க சார், மதகில் வருவதுதானே கடைமடைக்குப் போகும்?" ஆம், வெளியே உள்ள அகலமான தாய் வலை எல்லையில் தருவதை வைத்துத்தான் உள்ளே உள்ள நுண்ணிய சேய் வலை பிழைக்க வேண்டும்.

9 கி.மீ. கட்டத்தில் பாம்பன் கால்வாய் நிலத்துக்குள் மறைந்துவிடும். ஆதம் பாலத்தின் ஆழமற்ற மணல்திட்டுகளும் அப்படியே. எல்லைக்கோடு இவற்றின் அருகே போனால், தாய் வலைக்கே தெரியாத நீரோட்டத்தைச் சேய் வலை எங்கிருந்து வாங்கும்? அதனால் இரு கடற்பகுதிகளையும் முழுமையாக உள்ளே வைத்து, வடக்கு எல்லையைக் கோடியக்கரைக்கு அப்பாலும் தெற்கு எல்லையைக் கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் தள்ளிப் போடுகிறேன். இதற்கு ஒரு விலை உண்டு. 3,500 மீட்டர் ஆழத்தில் நீண்ட அலை விநாடிக்கு ஏறக்குறைய 185 மீட்டர் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் ஆழத்திலோ 10 மீட்டர் வேகம்தான். ஆழமான நீர் உள்ளே வந்தால், அந்த வேகமான அலையைப் பிடிக்கக் காலப்படி சுருங்கும். ஆனாலும் எல்லையைச் செங்குத்தான கண்டச்சரிவின் மேல் போடுவதைவிட இந்தச் செலவே மேல்.

அதிக நாட்களை விழுங்குவது ஆழத் தரவு. தாய் வலையின் கடலடித்தளம் மழுங்கடிக்கப்பட்டது, சேய் வலையுடையது கூர்மையானது. எல்லையில் இரண்டும் பொருந்தாவிட்டால் அங்கே இல்லாத நீரோட்டம் தோன்றும், நீரின் மொத்த அளவும் மெல்ல வழுவும். எல்லையில் தாயின் ஆழத்தையே வைத்து, உள்ளே சில கட்டங்களுக்குள் படிப்படியாகச் சேயின் ஆழத்துக்கு மாற்றுகிறேன். அடுத்தடுத்த கட்டங்களின் ஆழ வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.2ஐத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் வரம்பு. மாதிரியின் நீரடுக்குகள் கடலடித்தளத்தைத் தழுவிச் செல்வதால், சரிவான இடங்களில் அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடும்போது வரும் பிழையை அது அடக்குகிறது. தாய்க் கட்டத்தின் அகலம் சேய்க் கட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற நுண்மை விகிதத்துக்கு 3 போதும், அதிகம் போனால் 5. ஒற்றைப்படை எண்ணாக இருந்தால்தான் தாய்க் கட்டத்தின் நடுவில் சேய்க் கட்டத்தின் நடு சரியாக விழும்.

கிழக்குக் கடற்கரை நீரோட்டம் பருவத்துக்கு ஏற்பத் திசை மாறுவது. பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பும். ஒரே எல்லை சில மாதம் நுழைவாயில், சில மாதம் வெளிவாயில். நீர் உள்ளே வரும்போது தாயின் மதிப்பை இறுக்கமாகவும் வெளியேறும்போது தளர்வாகவும் பற்றி, அலைகளை எல்லையில் திருப்பியடிக்காமல் வெளியே விடும் ‘கதிர்வீச்சு நிபந்தனை’யைத்தான் பரிந்துரைக்கிறேன். மேற்பரப்பிலிருந்து அடிவரையிலான சராசரி நீரோட்ட வேகத்துக்கு 1976இல் ஃபிளாதர் என்ற கடலியலாளர் தந்த சூத்திரம் இன்றும் நன்றாகவே உழைக்கிறது.

சேய் தன் விடையைத் தாய்க்குத் திருப்பித் தரும் இருவழி நெஸ்டிங் கேட்க அழகாக இருக்கிறது. கரையோர விவரம் மட்டும் வேண்டுமென்றால் ஒருவழியே போதும். கரையில் உருவாகும் சுழல் வெளிக்கடலை மாற்றுகிறதா என்பதே கேள்வியாக இருந்தால் மட்டும் இருவழிக்குப் போங்கள்.

காற்றை மறந்துவிடாதீர்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றின் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும்: அதைப் பாய்ச்சும் பாலக்காட்டுக் கணவாய் கால் டிகிரி காற்றுத் தரவில் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனைக்கும் இலங்கை மலைகளுக்கும் இடையே மன்னார் மேல் வீசும் காற்றின் விவரமும் அதில் இப்படித்தான் மழுங்கும். மழுங்கிய காற்றின் கீழே 1 கி.மீ. கடல் வலையை ஓட்டிப் பயன் குறைவு. இப்போது காற்றுக்கும் ஒரு நெஸ்டிங் செய்து, அது முடிந்த பிறகே கடலைத் தொடங்குகிறோம்.