கடவு, சிறிய நீச்சல்குளம், பிரப்பன்கோடு: எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் எங்கே நீந்துவது?

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில், தாமிரபரணி ஆற்றின் ஒரு கடவில் (குளிக்கும் படித்துறையில்) தொடங்கிய எங்கள் நீச்சல் சங்கத்துக்கு இந்த ஆண்டு இரண்டு மகிழ்ச்சியான செய்திகள் கிடைத்தன. சங்கத்தின் வரலாற்றில் முதல்முறையாக 5 பிள்ளைகள் 50 மீட்டர் நீச்சல்குளத்தில் நடந்த ஒரு போட்டியில் கலந்துகொண்டார்கள். அவர்களில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வெண்கலம் வாங்கினாள். அதே கோடையில், மார்ச் மாதம் வரை முழங்காலளவு நீரில்கூட இறங்கப் பயந்த 23 குழந்தைகள் ஆற்றை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீந்திக் கடந்தார்கள். ஊதியம் வாங்கும் பயிற்சியாளர் எங்களுக்குக் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, மின் பணியாளர் என்று ஊரார் சிலர் காலை நேரத்தைக் கொடுத்து நடத்தும் சங்கம் இது. இப்போது பொதுக்குழுவின் முன் இருக்கும் கேள்வி, இனி எந்த நீரில் பயிற்சி நடத்துவது என்பதுதான். பழைய கடவிலேயே தொடரலாம் என்கிறார்கள் சிலர். மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும் 25 மீட்டர் தனியார் நீச்சல்குளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம் என்பது இரண்டாவது கருத்து. வாரந்தோறும் கேரள எல்லை தாண்டி, பிரப்பன்கோட்டில் உள்ள 50 மீட்டர் நீச்சல்குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும் என்பது போட்டியில் கலந்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோர் வைக்கும் கோரிக்கை.

கடவிலிருந்து தொடங்குகிறேன். வெளியூர் வாசகர்கள் இதைத் திருநெல்வேலித் தாமிரபரணி என்று எண்ணிவிடக் கூடாது. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கலந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேரும் எங்கள் ஆறு வேறு. ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குப் பலியிட்டு முங்கிக் குளிக்கவும், வாவுபலிப் பொருட்காட்சி பார்க்கவும் சுற்றுவட்டாரமே இந்தக் கரைக்கு வரும். இங்கே பிறந்த பிள்ளை அழைக்காமலே ஆற்றுக்குப் போகும். கடவின் முதல் சிறப்பு இதில்தான் இருக்கிறது: எங்கள் குழந்தைகள் தவறி விழக்கூடிய நீர் எதுவோ, அந்த நீரிலேயே அவர்கள் நீந்தப் படிக்கிறார்கள். நீச்சல்குளத்தில் இடுப்பளவு நீரில் கால் ஊன்றிப் பழகிய ஒரு பையன், தரை தெரியாத கலங்கல் நீரில் கால் எட்டாமல் போகும் கணத்தில் கற்றதையெல்லாம் மறந்து கைகளை மேலே வீசுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆற்றில் படித்த குழந்தை முதலில் மல்லாந்து மிதக்கும், ஒழுக்கை (நீரோட்டத்தை) எதிர்த்துப் போராடாமல் சரிவாகக் கரை தேடும். 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சலோடு, நீரில் பாதுகாப்பாக இருக்கும் முறையையும், தன்னை இழக்காமல் பிறரை மீட்கும் முறையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. மூழ்குபவரை நோக்கிப் பாயாமல் கயிறோ தோர்த்தோ (துண்டோ) வீசுவதைக் கரையும் கடவும் இருக்கும் இடத்தில்தான் உண்மையாகப் பழக்க முடியும். ஆலுவாவில் பெரியாற்றில் பல ஆண்டுகளாக இலவசமாக நீச்சல் கற்பிக்கும் ஒரு பயிற்சியாளரிடம் படித்தவர்கள் அந்த அகலமான ஆற்றையே குறுக்கே நீந்திக் கடப்பதைச் செய்திகளில் பார்க்கும்போது, நாங்கள் சிறிய அளவில் செய்வது தவறான வழியல்ல என்ற உறுதி எனக்கு வருகிறது.

ஆனால் ஆற்றின் குறைகளை மூடிவைத்துப் பேசினால் அது ஒப்பீடு ஆகாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழைகளும் உண்டு. ஜூனில் ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும் ஆறு செந்நிறமாகப் பெருகும்போது, பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் நீர் திறக்கப்படும் நாள்களில் கடவின் கீழ்ப்படிகள் கண்ணுக்கே தெரியா. தெளிந்த கோடை ஆறும் முழுக்க நம்பத்தக்கதன்று. மணல் அள்ளிய பள்ளங்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுகின்றன, சென்ற ஆண்டு மார்பளவு இருந்த இடம் இந்த ஆண்டு ஆழமான கயமாகியிருக்கிறது. ஆகவே பயிற்சிக்கு முன் மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக் கயிறு கட்டுவதையும், படியில் கிடக்கும் தோர்த்துகளின் எண்ணிக்கையோடு நீரில் தெரியும் தலைகளை ஒத்துப் பார்ப்பதையும் நாங்கள் ஒரு நாளும் விட்டதில்லை.

போட்டிப் பயிற்சிக்கு ஆறு ஒத்துவராததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒழுக்குக்கு எதிராக 100 மீட்டர், ஒழுக்கோடு 100 மீட்டர் நீந்தினால் இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துவிடும் என்று நாங்களே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அது கணக்குப்படி தவறு. அசையாத நீரில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நீந்தும் ஒரு பிள்ளை, நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றில் எதிர்த்துப் போக 125 நொடியும் திரும்பி வர ஏறக்குறைய 83 நொடியும் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 208 நொடி ஆகிறது. அசையாத நீரில் அது 200 நொடிதான். ஒழுக்கு நாளுக்கு நாள் மாறுவதால், ஸ்டாப் வாட்ச் காட்டும் முன்னேற்றம் பிள்ளையுடையதா, ஆற்றுடையதா என்று சொல்லவே முடியாது. சங்கத்தின் பழைய குறிப்பேட்டில் நாங்கள் பெருமையோடு எழுதிவைத்த நேரங்களை இன்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

ஊர்க்குளத்தையும் கடலையும் சிலர் மாற்றாகச் சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2024இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபிக் மூளைக்காய்ச்சல் வந்த பிறகு, தேங்கி வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளை இறக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அமீபா குடிக்கும் நீரால் தொற்றுவதில்லை. மூக்கின் வழியாக ஏறுகிறது, முங்கிப் பழகுவதே நீச்சலின் முதல் பாடம். ஓடும் ஆறாயிருந்தாலும் கோடையில் ஒழுக்கு நின்றுபோன ஓரங்களைத் தவிர்ப்பதும், மூக்குக் கிளிப் போடுவதும் அதன்பின் எங்கள் வழக்கமாயின. கடலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமைதியாகக் கிடக்கும் கரையில் முன்னறிகுறி தெரியாமல் எழும் கள்ளக்கடல், 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரைக் கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

அடுத்தது 25 மீட்டர் தனியார் குளம். வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், இரண்டு மழையிலும் பயிற்சி நிற்காது, அடியில் வரைந்த கறுப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் நல்லதா என்று அறிய அந்தக் கோடே எளிய அளவுகோல். கரையில் நின்று பார்க்கும்போது கோடு மங்கினால் அன்று இறங்கக் கூடாது. ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின், 7.2 முதல் 7.8 வரை பி.எச். என்ற அளவில் நீரை வைத்திருந்தால் கிருமி பயம் பெரும்பாலும் நீங்கும். வெயில் நாளில் குளோரின் விரைவாகக் குறையும் என்பதால் காலையில் சோதித்த அளவு மாலைக்குப் பொருந்தாது. நாங்கள் சோதனை முறையில் நடத்திய ஒரு மாதத்தில் அங்கே அளவுக் குறிப்பேடு எழுதப்படவில்லை, கேட்டபோது தெளிவான விடையும் கிடைக்கவில்லை. வாடகை ஒப்பந்தம் போடுவதாயிருந்தால் அந்தக் குறிப்பேட்டை நாள்தோறும் பார்க்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

இந்தக் குளம் தரும் மிகப் பெரிய நன்மை அதன் சுவர். 200 மீட்டரை 50 மீட்டர் குளத்தில் நீந்தினால் 3 முறை திரும்ப வேண்டும், 25 மீட்டர் குளத்தில் 7 முறை. வெண்கலம் வாங்கிய எங்கள் சிறுமி அன்று ஒவ்வொரு நீளத்தின் நடுவிலும் இரண்டாவதாக வந்தாள், ஒவ்வொரு சுவரிலும் பின்தங்கினாள். மற்றவர்கள் தலைகீழாகச் சுருண்டு சுவரை உதைத்து நீருக்கடியில் அம்புபோல் போனபோது, இவள் கடவுக் கல்லைப் பிடிப்பதுபோல் சுவரைக் கையால் பிடித்து, தலையை நிமிர்த்தி, மூச்சு வாங்கித் திரும்பினாள். ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு சுவரையும் உதைத்த பிறகு 15 மீட்டர் வரை நீருக்கடியில் போக விதி இடம் கொடுக்கிறது. அதை முழுக்கப் பயன்படுத்தாதவர்களுக்கும் தொடக்கப் பாய்ச்சலுக்கு அடுத்தபடியாக, அந்த உதைப்பே நீச்சலில் கிடைக்கும் மிக வேகமான கணம். ஆற்றில் எத்தனை ஆண்டு நீந்தினாலும் இது வராது. 2021 ஜூனில் ரோம் நகரில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதிக்குரிய நேரம் 1 நிமிடம் 56.48 நொடி. பத்தில் ஒரு நொடி என்பது ஒரு திருப்பத்தில் கால் சற்று வழுக்கினால் போய்விடும் அளவு.

பணத்தைவிட எங்களை அதிகம் யோசிக்கவைப்பது பெண் குழந்தைகளின் நிலை. கடவில் அவர்கள் சுடிதாரோடு நீந்துகிறார்கள், அம்மாக்கள் படியில் துணி துவைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் தயக்கமில்லை. நீச்சல்குளத்தில் நீச்சலுடை கட்டாயம். பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனத்து இழுப்பதோடு வடிகட்டியையும் அடைக்கும் என்பதால் அந்த விதியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டதும் 4 வீடுகளில் மகளை நிறுத்திவிட்டார்கள். முழங்கால் வரை மூடும் போட்டி நீச்சலுடையும் உண்டு என்று காட்டியதும், பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கி ஒரு பெண் துணைக்கு இருப்பார் என்று உறுதி கொடுத்ததும் 2 பேர் திரும்ப வந்தார்கள். மற்ற இருவரில் ஒருத்தி ஆற்றை மிக அழகாகக் கடந்தவள். எந்த முடிவெடுத்தாலும் அவளை வெளியே நிறுத்தும் முடிவாக அது இருக்கக் கூடாது என்பதே என் கவலை.

பிரப்பன்கோட்டை நேரில் பார்த்தவர்கள் அந்த ஆசையைக் குறைசொல்ல மாட்டார்கள். 2015ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்த 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளின் நீச்சல் அங்கேதான் நடந்தது; சஜன் பிரகாஷ் 6 தங்கமும் 3 வெள்ளியும் வாங்கியது அந்த நீரில். கேரளத்துக்காகப் பதக்கம் குவித்த அவர் சிறுவயதில் நீந்தப் பழகியது தமிழ்நாட்டின் நெய்வேலியில் என்பது எங்களைப் போன்ற எல்லையோரத்தாருக்குத் தனி மகிழ்ச்சி. 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். அவ்வளவு நீரின் ஓரத்தில் முதல்முறை நிற்கும் பிள்ளைக்கு, போட்டி நாளில் மறுகரை ஏன் அவ்வளவு தூரம் தெரிந்தது என்பது புரிந்துவிடும். 25 மீட்டர் குளத்தில் பழகிய உடல் பாதி வழியிலேயே சுவரைத் தேடும். அந்தப் பழக்கத்தை உடைக்க நீளமான குளத்தைத் தவிர வேறு மருந்தில்லை. மொழியும் அங்கே தடையாக இல்லை. பயிற்சியாளர் ‘கை நீட்டு, தல தாழ்த்து’ என்று மலையாளத்தில் சொன்னதை எங்கள் பிள்ளைகள் மொழிபெயர்ப்பு வேண்டாமலே செய்தார்கள்.

தடை தூரம்தான். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், திருவனந்தபுரம் தாண்டி எம்.சி. ரோட்டில் வெஞ்ஞாறமூடு பக்கம் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காலை 6 மணிக்கு நீரில் இறங்க 4 மணிக்கே வேன் கிளம்ப வேண்டும். திரும்பும்போது நகர நெரிசலில் சிக்கினால் மதியமாகிவிடும். இரண்டு மணி நேர நீச்சலுக்கு அரை நாளுக்கு மேல் போகிறது. இதை வாரந்தோறும் செய்தால், ஞாயிறு டியூஷன் இருக்கும் பிள்ளையும், கூலிவேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளையும் ஒரு மாதத்துக்குள் நின்றுவிடுவார்கள். வேன் வாடகையைக் கொடுக்க முடிந்த 5, 6 வீட்டுப் பிள்ளைகளின் சங்கமாக இது சுருங்கிவிடும். அவர்களோடு கரையில் நிற்கத் தெரிந்த பெரியவர்களும் வேனில் ஏறிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கடவில் கயிறு பிடிக்க ஆளிருக்காது.

ஆகவே என் வாக்கு மூன்றையும் சமமாகப் பிரிப்பதற்கு இல்லை. முதலிடம் கடவுக்கே. ஆறு தெளிந்திருக்கும் ஜனவரி முதல் மே வரை புதிதாகப் படிக்கும் குழந்தைகள் அனைவருக்கும் அங்கேதான் பயிற்சி நடக்க வேண்டும். எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையில் பதக்கத்துக்கு முன்னால் எழுத வேண்டியது அந்த 23 பேரின் கணக்கை. ஜூனிலிருந்து டிசம்பர் வரை வாரம் இருமுறை 25 மீட்டர் குளம், அதில் ஒருமுறை பெண்களுக்கு மட்டும். வாடகையைச் சங்கமே ஏற்று, முடிந்தவர்களிடம் மட்டும் பங்கு கேட்க வேண்டும். பிரப்பன்கோட்டுக்கு மாதம் ஒருமுறை, போட்டிக்கு முந்தைய மாதத்தில் மட்டும் இரண்டுமுறை போனால் போதும். அங்கே எடுக்கும் நேரத்தை மட்டுமே சங்கத்தின் குறிப்பேட்டில் ஏற்றுவது என்று தீர்மானம் போடலாம்.

வெண்கலம் வாங்கிய சிறுமிக்கு இந்த ஏற்பாட்டில் வாரம் இருமுறை சுவர் கிடைக்கும். போன வாரம் சோதனைப் பயிற்சியின் கடைசி நாளில் அவள் 40 முறை சுருண்டு திரும்பிப் பழகினாள். முதல் 10 முறை மூக்கில் நீர் ஏறி இருமினாள், அடுத்த பத்தில் சுவரைத் தவறவிட்டுக் காலை வெற்று நீரில் உதைத்தாள். கடைசி ஐந்தில் இரண்டு சரியாக அமைந்தன.