ஆடித் தள்ளுபடி கிரைண்டரில் 7,900 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஆடியில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். பத்து நாள் வாடகைக்கு எடுத்து வீட்டுச் சாமான் விற்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். எங்கள் பக்கத்துத் தெரு மண்டபத்திலும் வந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று சாயங்காலம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நானும் வீட்டுக்காரியும் போனோம்.

எனக்கு இட்லி என்றால் பைத்தியம். நல்ல இட்லி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பஸ் ஏறிவிடுவேன். மாசம் நாலு தடவை ஹோட்டல், மற்ற நாளெல்லாம் வீட்டு மாவு. மிக்ஸியில் அரைத்த மாவு எனக்கு ஆகாது. பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவு சூடாகிவிடும், உளுந்து உபரி காணாது. என்னைப் பார்த்ததுமே அந்த ஸ்டால்காரனுக்கு இது தெரிந்துபோயிற்று என்று நினைக்கிறேன்.

"அண்ணே, பேச்சு வேண்டாம், மாவைப் பாருங்க" என்றான். உளுந்து போட்டு, ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அரை மணி நேரம் ஓட்டினான். ஒரு டம்ளர் தண்ணீரில் மாவைச் சொட்டு விட்டான். பஞ்சு மாதிரி மிதந்தது. "மதினி, கையை விட்டுப் பாருங்க, சூடு இருக்கா?" இல்லை. சில்லென்று இருந்தது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு, இது அந்த ஊர்ச் சரக்கு என்று வேறு சொன்னான். குறியீடு இருப்பது நிஜம்தான். அந்த ஒரு நிஜத்தில் நான் மயங்கினேன். சாய்த்து மாவெடுக்கிற டில்டிங் கிரைண்டர், கூடவே தேங்காய்த் துருவி, மாவு பிசையும் சாமான், எல்லாம் சேர்த்து 7,900 ரூபாய். ஆனால் பழைய கிரைண்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரி தயங்கினாள். "அது நல்லாத்தானே ஓடுது, எதுக்குங்க?" கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் பெல்ட் மாற்றியதைத் தவிர செலவே வைக்கவில்லை. நான்தான் தூக்க முடியவில்லை, இடுப்பு வலிக்கிறது என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். அன்று ராத்திரியே ஆள் வந்து பழையதைத் தூக்கிக்கொண்டு போனான். புதுசு பெட்டியோடு வந்து இறங்கியது.

மண்டபத்தில் ஓடியது வேறு மிஷின், பெட்டிக்குள் வந்தது வேறு. புதுக் கல்லுக்கு முதலில் வீணாய்ப்போன அரிசி போட்டு ஓட்ட வேண்டும் என்று தெரியும், ஓட்டினேன். தண்ணீர் கறுப்பாக வந்தது. மூன்று தடவை ஓட்டியும் கறுப்புதான். சரி என்று நாலாவது தடவை உளுந்து போட்டேன். இருபது நிமிஷத்தில் மாவு வெதுவெதுப்பு, மோட்டார் கருகுகிற நாற்றம். மறுநாள் இட்லியை வாயில் வைத்த பையன், "அப்பா, மண்ணு" என்று துப்பினான். 7,900 ரூபாய்க்கு மண் இட்லி.

போன் போட்டேன். "புதுக் கல்லுண்ணே, பத்து தடவை அரைச்சா பழகிரும்." இரண்டு நாள் கழித்து, "மெக்கானிக் வந்துக்கிட்டே இருக்காரு." அவர் இன்றுவரை வந்துகொண்டே இருக்கிறார். அப்புறம், "வாரன்டி மோட்டாருக்கு மட்டும்தான், கல்லுக்கு இல்லை." மோட்டார்தானே கருகுகிறது என்று கேட்டதற்கு, "கரண்ட் லோ வோல்டேஜா இருக்கும், இபில சொல்லுங்க." கடைசியாக ஒரு பெண் எடுத்து, "அந்த ஸ்டால் வேற பார்ட்டி சார், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றாள். அதற்குப் பிறகு என் நம்பருக்கு மணியே அடிப்பதில்லை.

நேரில் போனேன். ஆவணி பிறந்துவிட்டது, மண்டபத்தில் கல்யாணம். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனத்தை நீட்டி, "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்கள். கையில் பில்லோடு நின்றேன். மேனேஜர், "வாடகையை முன்பணமா வாங்கிட்டோம், ஆள் யாருன்னு தெரியாது" என்றார். உள்ளேயிருந்து அவியல் வாசனை வேறு.

வீட்டுக்கு வந்துதான் பில்லை ஒழுங்காகப் பார்த்தேன். விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் "கோயம்புத்தூர்" என்று மட்டும் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33 என்று சரியாகத்தான் தொடங்குகிறது, ஆனால் எண்ணிப் பார்த்தால் 14 எழுத்து. 15 இருக்க வேண்டும். ஒரு எழுத்து குறைகிற பில்லை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

2011-இல் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த கிரைண்டர் இன்றும் அவள் வீட்டில் ஓடுகிறது. நான் காசு கொடுத்து மண் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய கிரைண்டர் இருந்த மூலையைத் தினமும் துடைக்கிறாள், அவ்வளவுதான். திட்டினால்கூடத் தேவலை.

1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளென்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாதாம். ஆனால் யார் மேல் போடுவது? நோட்டீஸ் அனுப்ப விலாசம் வேண்டுமே.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசில்லை. நிரந்தரக் கடை இல்லாதவனிடம் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி எண்ணை அங்கேயே நின்று எண்ணுங்கள், ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டும் பாருங்கள். உங்கள் கண் முன்னால் அரைத்துக் காட்டிய அதே மிஷினைக் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். ஓடுகிற பழைய கிரைண்டரைக் கொடுக்காதீர்கள், 7,900 போனால்கூடச் சம்பாதிக்கலாம்.

மாவு பாக்கெட் வாங்கப் போக வேண்டும், அந்தக் கடைக்காரர் எட்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுவார்.