ஏழு டிசம்பர், நாளுக்கு ஓர் அதிகாரம்: லூக்காவோடு விடியற்காலையில் உட்கார்ந்த அனுபவம்

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை 24 நாள். அன்றைய தேதி எதுவோ அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது, இவ்வளவுதான் முறை. நான் கண்டுபிடித்தது இல்லை. பல நாடுகளில் கிறிஸ்தவர்கள் இப்படி வாசிக்கிறார்கள். நான் 2018-ல் தொடங்கினேன். 2024 வரை ஏழு டிசம்பர் ஆகிவிட்டது. ஒன்றை இத்தனை வருஷம் கைவிடாமல் வைத்திருந்தால் அதன் நல்லதும் தெரியும், குறையும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. ஊசிக்கோபுரம் என்று எல்லோரும் சொல்லும் தூய திரித்துவ பேராலயத்தை மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய ஊர். இங்கே கிறிஸ்துமஸ் என்பது ஒரு நாள் பண்டிகை இல்லை. நவம்பர் கடைசியிலேயே வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கிவிடும். அப்புறம் கேரல் பயிற்சி, கேரல் சர்வீஸ், ராத்திரி ஒரு மணி வரை வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸ், பெண்கள் ஐக்கியச் சங்கத்து நிகழ்ச்சி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம். வீட்டில் வெள்ளையடிப்பு, துணி எடுப்பது, பலகாரம். நான் பள்ளி ஆசிரியை என்பதால் இவற்றுக்கு நடுவே அரையாண்டுத் தேர்வும் விடைத்தாள் கட்டும் வந்து சேரும். இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லாமே எனக்குப் பிடித்தவை. ஆனால் 2017 டிசம்பர் 25 அதிகாலை ஆராதனையில் பாடகர் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, இந்த மாதம் முழுக்க இயேசுவைப் பற்றிப் பாடியிருக்கிறேன், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று தோன்றியது. அந்த வருத்தம் பொங்கல் வரைக்கும் போகவில்லை.

அதற்கு முன்பே சிலவற்றை முயன்றிருந்தேன். ராத்திரி படுக்கப் போகும் முன் ஜெபம் என்று வைத்தால் இரண்டாம் வசனத்திலேயே கண் சொக்கும். செல்போனில் வேதாகமம் வாசிக்கலாம் என்றால், கையில் எடுத்ததுமே பாடகர் குழுவின் செய்தி வந்து நிற்கும்: இன்றைக்கு எந்தத் தெரு, யார் வண்டி, எந்தச் சேலை. பதில் போட்டுவிட்டு வாசிக்கலாம் என்று நினைத்தால் அன்றைக்கு வாசிப்பே கிடையாது. கடையில் வாங்கிய தினசரி தியானப் புத்தகம் ஒன்று நன்றாகவே இருந்தது. ஆனால் நான்கு நாள் விட்டுப்போனால் எங்கே விட்டோம் என்று தேடி, விட்டதை முடிக்க வேண்டுமே என்ற பாரம் ஏறி, ஐந்தாம் நாள் அலமாரிக்குப் போய்விடும்.

லூக்கா முறையில் எனக்கு முதலில் உதவியது இந்த இடம்தான். தேதியே அதிகாரம். எங்கே விட்டோம் என்ற கேள்வி எழாது. கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து வந்த மறுநாள் எழும்ப முடியவில்லையா, சரி, விட்டது விட்டதுதான். நாளைக்கு நாளைய தேதி. முதல் வருஷம் விட்டதையும் சேர்த்து இரண்டு அதிகாரமாக வாசித்துப் பார்த்தேன். அது பாடம் ஒப்பிப்பது மாதிரி ஆகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். வருஷத்துக்கு நான்கைந்து நாள் விடுபடும். எந்த அதிகாரம் விடுபடும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் ஏழு வருஷத்தில் எதையும் நான் வாசிக்காமல் போகவில்லை.

நேரம் விடியற்காலை நாலரை. இடம் அடுக்களையை ஒட்டிய சின்ன மேஜை. அச்சிட்ட வேதாகமம், ஒரு மெழுகுவர்த்தி, வேறு ஒன்றும் இல்லை. மெழுகுவர்த்தியை எவர்சில்வர் டம்ளரில் பாதிக்கு ஆற்று மணல் போட்டு நட்டு வைப்பேன். மின்விசிறி சுற்றினால் அணைந்துவிடும் என்பதால் அதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் கொசு. காலடியில் ஒரு கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சுவர்க்கடிகாரச் சத்தம் கேட்கும், தூரத்தில் பால்காரர் சைக்கிள் கேட்கும். அட்வெந்து, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் கொண்ட காத்திருப்புக் காலத்துக்கென்று நான்கு மெழுகுவர்த்தி வைக்கும் வளையத்தையும் ஒரு வருஷம் செய்து பார்த்தேன். 1839-ல் ஹாம்பர்க்கில் விகெர்ன் என்ற போதகர், தம் இல்லத்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினாராம். அதிலிருந்து வந்த வழக்கம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மிகவும் ஏற்றது. தனியாக உட்காரும் எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

வாசிக்கப் பத்து நிமிஷம், உட்காரப் பத்து நிமிஷம். முதல் இரண்டு வருஷம் அந்த இரண்டாவது பத்து நிமிஷம்தான் கஷ்டம். மனசு முழுக்க வேலைப் பட்டியல். உளுந்து ஊறப்போட வேண்டும், பத்தாம் வகுப்புக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பிறகு ஒரு வழி செய்தேன். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து, நினைவுக்கு வரும் வேலையை எழுதிவிட்டுத் திரும்பவும் வாசித்த வசனத்துக்கு வருவேன். தாளில் ஏறிய வேலை மறுபடி வந்து தொல்லை செய்வதில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து அந்தத் தாளில் இரண்டு மூன்று வரிக்கு மேல் போவதில்லை.

முதல் அதிகாரமே மௌனத்தில் தொடங்குகிறது என்பதை இரண்டாம் வருஷம்தான் கவனித்தேன். சகரியா ஆசாரியன் தேவாலயத்தில் தூபம் காட்டும் நேரத்தில் ஊமையாகி, பிள்ளை பிறந்து பெயர் வைக்கும் நாள் வரைக்கும் பேச்சில்லாமல் இருக்கிறார். பெயரைக் கேட்டபோது பலகையில்தான் எழுதிக் காட்டுகிறார். நாவு திறந்ததும் வந்த முதல் பேச்சு துதி. அத்தனை மாதம் உள்ளேயே கிடந்தது அப்படி வெளியே வந்திருக்கிறது. டிசம்பர் 1 அன்று வாய் ஓயாத வகுப்பறைக்குப் போகும் முன் இதை வாசிப்பது எனக்கு ஒவ்வொரு வருஷமும் தேவையாக இருக்கிறது.

பத்தாம் தேதி மார்த்தாள், மரியாள். இயேசு வீட்டுக்கு வந்தபோது பல வேலைகளில் கலங்கினவள் மார்த்தாள், அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டவள் அவள் சகோதரி மரியாள். அந்த அதிகாரம் எனக்கு எப்போதும் குத்தும். எங்கள் அத்தையிடம் ஒருநாள் அச்சுமுறுக்கு சுடும்போது இதைச் சொன்னேன். அவர்கள் அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கி, முறுக்கு தானாகக் கழன்று மிதக்கும் வரை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்கள்: “வேல செஞ்சதுக்கா மார்த்தாள ஏசுனாரு? கலங்குனதுக்குத்தானம்மா சொன்னாரு.” அதற்குப் பிறகு பலகாரம் சுடும் இரண்டு நாளும் அடுக்களையில் பாட்டுப் போடுவதில்லை. அத்தை எப்போதாவது ஒரு பாமாலையை முனகுவார்கள். மற்றபடி எண்ணெய்ச் சத்தம்தான். காலையில் வாசித்தது அங்கேயும் கூட வரும்.

குறை என்று சொன்னால், பிறப்பின் கதை 2ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. மேய்ப்பர்கள் வந்து போய், சிமியோனும் அன்னாளும் குழந்தையைப் பார்த்து முடித்துவிடுவார்கள். நமக்குப் பண்டிகை ஆரம்பிக்கவே இல்லை. 22, 23 தேதிகளில் இயேசு பிடிபடும் கெத்செமனேயும் சிலுவையும் வரும். தெரு முழுக்க நட்சத்திர வெளிச்சம், நான் கல்லறையில் இருப்பேன். முதல் இரண்டு வருஷம் இது எனக்கு ஒட்டவே இல்லை. மாற்றி அமைக்கலாமா என்றுகூட யோசித்தேன். இப்போது மாற்ற மனமில்லை. 24ஆம் தேதி, உயிர்த்தெழுந்து எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் சீஷர்களோடு கூட நடந்தவரை வாசித்துவிட்டு, மறுநாள் அதிகாலை ஆராதனையில் முன்னணையில் கிடத்தப்பட்ட பிள்ளை இயேசுவின் பாடத்தைக் கேட்கும்போது, அந்தப் பிள்ளை எங்கெல்லாம் போய் வந்தது என்று தெரிந்து கேட்கிறேன். 2018-க்கு முன்னால் அந்தப் பாடம் என்னை அழவைத்தது கிடையாது.

இன்னொரு குறை, அதிகாரங்கள் ஒரே அளவில் இல்லை. முதல் அதிகாரம் 80 வசனம், 22ஆம் அதிகாரம் 71, 16ஆம் அதிகாரம் 31தான். நீளமான நாட்களில் கால் மணி முன்னால் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும் நேரத்தை வாசிப்பு தின்றுவிடும்.

2020-ஐச் சொல்ல வேண்டும். கொரோனா காரணமாக எங்கள் சபையில் அந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸ் இல்லை, பள்ளிக்கும் போக வேண்டியதில்லை. அமைதிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நான் அதிக நாள் விட்ட டிசம்பர் அதுதான், பதினொரு நாள். எப்போது வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஏழு மணிக்குத் தள்ளி, பத்து மணிக்குத் தள்ளி, கடைசியில் இல்லாமல் போகும். நாலரை மணியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

2023 டிசம்பர் 17, அட்வெந்தின் மூன்றாம் ஞாயிறு. விடியுமுன்பே மழை. அன்றைய அதிகாரத்தில் நோவாவின் நாட்கள் வரும்: ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் பெண் கொடுத்துக்கொண்டும் இருக்கையில் வெள்ளம் வந்தது. வாசித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினேன். அன்று தொடங்கி மறுநாள் வரை காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. சபையில் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டினோம். பலகாரத்துக்கு வாங்கிவைத்த அரிசியும் அதில் போயிற்று. அந்த நாட்களில் நான் தனியாக உட்காரவில்லை. 19ஆம் தேதி ராத்திரி, அதே டம்ளர் மெழுகுவர்த்தியைச் சுற்றி வீட்டார் எல்லோரும் உட்கார, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவின் கதையை என் மகள் சத்தமாக வாசித்தாள். ஏழு வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாசிப்பு அது.

கைக்குழந்தை இருப்பவர்களுக்கு நாலரை மணியைச் சொல்ல மாட்டேன். என் தங்கை பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் பத்து வசனம் மட்டும் வாசிக்கிறாள். அவளுக்கு அது போதுமாக இருக்கிறது. செலவு என்று பார்த்தால் மாதத்துக்கு இரண்டு மெழுகுவர்த்தி.

இந்த 2025-ல் அட்வெந்து நவம்பர் 30 ஞாயிறு தொடங்குகிறது. டிசம்பர் 1 திங்கள்கிழமை, பள்ளி உண்டு. டம்ளரில் புது மணல் போட்டு வைத்துவிட்டேன். சகரியாவின் அதிகாரம் நீளம் என்பதால் அன்றைக்கு மட்டும் அலாரம் நாலேகாலுக்கு.