தர உறுதி பிசினஸ் லைன்: பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் சரி, சென்னைக்கு இல்லை

பினாங்கு லெபோ பாசாரில் எங்கள் சேலைக்கடை. கணக்கும் கணினியும் என் பொறுப்பு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளை, சரக்கு வருவது சென்னையிலிருந்து. சாதாரண ஃபைபர் லைனை விட்டுவிட்டு, தரத்துக்கு உறுதி என்று விற்கிற ஒரு பிசினஸ் லைனுக்குப் போன வருடம் மாறினோம். கம்பெனி பெயர் வேண்டாம். இந்தச் சரக்கை யார் விற்றாலும் கேட்க வேண்டியவை இவைதான்.

போக்குவரத்தை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள்: தொலைபேசிக் குரல், கல்லாப்பெட்டி மென்பொருள், மற்றதெல்லாம். லைனில் போகிற தகவல் பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் ஆறு பிட்டில் ஓர் அடையாள எண் இருக்கும். 1998-இல் வந்த டிஃப்சர்வ் முறை இது. குரலுக்கு வழக்கமான எண் 46. அதைப் பார்த்ததும் ரவுட்டர் வரிசையில் முன்னால் விடும். ஆனால் வகுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். விற்க வந்த தம்பி குரலுக்கு 4 மெகாபிட் வாங்கச் சொன்னார். குரலைத் தகவலாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட் போதும். எங்கள் பத்து போனும் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். 1 மெகாபிட்டே எடுத்தோம்.

பிரிக்பீல்ட்ஸோடு பேசுவதில் குறையே இல்லை. முன்பெல்லாம் சிசிடிவி பதிவு கிளவுடுக்கு ஏறத் தொடங்கினால் பேச்சு துண்டு துண்டாகும், "ஹலோ, கேக்குதா?" என்றே பாதி நேரம் போகும். இப்போது அது ஏறுவதே தெரிவதில்லை.

சோதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளக்கிற பிங், வெறுமனே அனுப்பினால் "மற்றதெல்லாம்" வகுப்பில்தான் போகும். அதைக் காட்டி லைன் மோசம் என்றால் டெக்னீஷியன் சிரிப்பார். பிங் அனுப்பும்போதே 184 என்ற மதிப்பைச் சேர்க்க வேண்டும். எட்டு பிட் இடத்தில் கடைசி இரண்டு பிட் வேறு வேலைக்கு என்பதால், 46-ஐ நான்கால் பெருக்கின கணக்கு. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். வெறும் பிங் நூறு மில்லிசெகண்டைத் தாண்டித் துள்ளியது. 184 போட்டது பத்தை ஒட்டியே நின்றது. காசு வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் முதலாளிக்குக் காட்ட முடிந்தது.

சென்னைக் கதை வேறு. மொத்த வியாபாரி வீடியோவில் சேலையை விரித்துக் காட்டுவார். சரியாக முந்தானைக்கு வரும்போது சரிகை கட்டம் கட்டமாக உடையும், மாம்பழ மஞ்சளா மஞ்சள்கிழங்கு நிறமா என்று தெரியாது. "அதே காசுதானே கட்டுறோம், மெட்ராஸ் மட்டும் ஏன்மா சிக்குது?" என்றார் முதலாளி. ஒப்பந்தத்தைப் பிரித்தால், உறுதி அவர்களுடைய நெட்வொர்க்குக்குள் மட்டும்தான். வெளி நெட்வொர்க்கில் நுழையும்போது அந்த 46-ஐ மதிக்க யாருக்கும் கட்டாயமில்லை. பெரும்பாலும் பூஜ்யமாக்கிவிடுவார்கள். நெட்வொர்க்குகளுக்கு இடையே பாதையைத் தீர்மானிக்கும் பிஜிபி என்ற முறைக்கும் தாமதம் ஒரு கணக்கே இல்லை. யாரோடு என்ன ஒப்பந்தம், எத்தனை நெட்வொர்க் தாண்டணும் என்பதுதான் கணக்கு. பாக்கெட் போகிற வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் பார்த்தால், எங்கள் பாக்கெட் கோலாலம்பூர் போய், சிங்கப்பூர் போய், அப்புறம்தான் சென்னை போனது. சிங்கப்பூரிலிருந்து வங்கக் கடலுக்குப் போகிற கேபிள் மலாக்கா நீரிணை வழியாகத்தான் வரும், அதாவது மறுபடி எங்கள் ஊர்ப் பக்கமாகவே! சென்னை வரைக்கும் உறுதி வேண்டுமென்றால் இரண்டு முனையையும் இணைக்கும் தனி லைன் எடுக்கணும். அந்த விலை சேலைக்கடைக்குக் கட்டாது.

எனக்குக் கோபம் வந்தது மாத அறிக்கையில்தான். தாமதத்தை மாதச் சராசரியாகப் போடுகிறார்கள். கடை பூட்டிக் கிடக்கிற ராத்திரியும் அதில் சேர்ந்து, எல்லாம் பச்சையாகவே தெரிகிறது. 99.9 சதவீத இயக்கம் என்றால் மாதத்தில் 43 நிமிடம் லைன் செத்தாலும் ஒப்பந்தப்படி குற்றமில்லை. அது தீபாவளிச் சனிக்கிழமை மாலையாக இருந்தாலும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவைக் கேட்டு வாங்கவே பல மின்னஞ்சல் ஆயிற்று. கையெழுத்துப் போடுமுன் அதை எழுத்தில் கேளுங்கள்.

இங்கேயே இரண்டு மூன்று கிளை வைத்திருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். வெளிநாட்டு வீடியோவுக்காக மட்டும் என்றால் சாதாரண ஃபைபரே போதும். இன்னொன்று, ஒப்பந்தம் 24 மாதம். இடையில் முறித்தால் மீதி மாதங்களுக்கும் கட்டணும் என்பது கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது.