முப்பது ரூபாய் மீனும் மூவாயிரம் ரூபாய் மீனும்: வளர்த்துப் பார்த்ததில்

பல வருடங்களாக வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. கப்பி, மோலியில் ஆரம்பித்து ஃபைட்டர், நியான், டிஸ்கஸ், நடுவில் ஒரு ஃப்ளவர்ஹார்ன் என்று பலதும் வந்து போயிருக்கின்றன. சென்னைக்காரன் என்பதால் பெரும்பாலும் கொளத்தூரில் வாங்கியவைதான். அங்கே ஒரு கடையில் ஜோடி முப்பது ரூபாய்க்கு மீன் கிடைக்கும். நாலு கடை தள்ளி ஒற்றை மீனுக்கு மூவாயிரம் சொல்வார்கள். விலை கூடினால் மீன் அழகாக இருக்கும், நீண்ட நாள் உயிரோடு இருக்கும் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். என் தொட்டிகளில் பார்த்தவரை இந்த இரண்டுக்கும் விலைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கடைக்கு வந்து சேரும்வரை அந்த மீனுக்கு யார் எத்தனை மாதம் தீனி போட்டு தண்ணீர் மாற்றினார்கள், கூடப் பிறந்ததில் எத்தனை தேறவில்லை என்ற கணக்குதான் பெரும்பாலும் விலையாகிறது.

கப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி போடும் இனம். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு ஈற்று, ஒவ்வொன்றிலும் இருபது முப்பது குஞ்சு சாதாரணம். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் பெண் அந்த விந்தைச் சேமித்து வைத்து அடுத்த சில ஈற்றுகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளும். குஞ்சுகள் பிறந்த அன்றே தூள் தீனி தின்னும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த நம்ம ஊர் போர் தண்ணீர் கப்பிக்கும் மோலிக்கும் நன்றாகவே ஒத்துப்போகும். அப்புறம் எப்படி விலை ஏறும்?

அதே கப்பியில் முழுச் சிவப்பு, நீலம் என்று ரகம் பிரித்து ஜோடி முந்நூறு, நானூறு சொல்கிறார்களே, அந்தக் கூடுதல் பணம் பிரித்து வைக்கும் வேலைக்கு. ஆண் பெண் தெரிந்தவுடனே தனித்தனியாக்க வேண்டும், நிறம் பிசகியதையெல்லாம் ஒதுக்க வேண்டும், ஒவ்வொரு தலைமுறைக்கும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். வீட்டில் ஒரே தொட்டியில் எல்லா ரகத்தையும் விட்டால் சில தலைமுறைகளில் கலந்து சாதாரணக் கப்பி ஆகிவிடும். என் தொட்டியில் அப்படித்தான் ஆனது. தனித்தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் முப்பது ரூபாய் ஜோடியே வாங்கலாம்.

ஃபைட்டருக்குக் கேட்கும் விலை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஒரே ஈற்றில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும், உண்மைதான். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்துவிடும். அதன் பிறகு மீனுக்கு ஒரு பாட்டில் வேண்டும். தாய்லாந்துப் பண்ணைகளில் தட்டையான சாராய பாட்டில்களை வரிசையாக அடுக்கி வளர்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் கையால் தண்ணீர் மாற்ற வேண்டும். கிழிசல் இல்லாத பெரிய வாலோடு ஒரு ஆண் கடைக்கு வருவதற்குள் எத்தனை கை வேலை! ஒன்று மட்டும் கவனியுங்கள். ஃபைட்டரின் ஆயுளே இரண்டு மூன்று வருடம். இறக்குமதி என்று சொல்லி விற்கும் பெரிய மீன் அதில் ஒரு பகுதியை ஏற்கனவே முடித்திருக்கும். எனக்கு அதிக நாள் இருந்தவை சின்னதாக வாங்கிய உள்ளூர் மீன்கள்தான்.

நியான் டெட்ராவின் விலைக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1930களில் அமேசான் பகுதியிலிருந்து வெளியுலகுக்கு வந்தபோது அது பணக்காரர்களின் மீன். ஹிண்டன்பர்க் வான்கப்பலில்கூட அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறது. பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு விலை விழுந்துவிட்டது. இப்போதும் கப்பியை விடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர். வளர்ந்த நியான் ஓரளவு கடினமான நீரைத் தாங்கும், முட்டை தாங்காது. மென்மையான, சற்று அமிலத் தன்மையுள்ள நீர் வேண்டும். அதன் நெருங்கிய உறவான கார்டினல் டெட்ரா வெகுகாலம் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றில் பிடித்தே விற்கப்பட்டது. இதையெல்லாம் ஆக்சிஜன் அடைத்த பையில் விமானத்தில் கொண்டுவர வேண்டும். விமானக் கட்டணம் எடைக்கு. எடையில் பெரும்பகுதி தண்ணீர். பெரிய மீன் என்றால் ஒரு மீனுக்கே ஒரு பை.

டிஸ்கஸ்தான் எனக்கு அதிகம் செலவு வைத்த மீன், அதிகம் பிடித்ததும் அதுதான். இதன் குஞ்சுகள் முதல் சில வாரங்கள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்று வளர்கின்றன. கப்பிக் குஞ்சு மாதிரி பிரித்தெடுத்துத் தூள் போட்டால் வேலைக்கு ஆகாது. ஜோடி சேர்ந்தாலும் முட்டைகளைத் தானே தின்றுவிடும் நாட்கள் உண்டு. தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும். வெப்பத்துக்குச் சென்னையில் கவலை இல்லை, மார்கழி தை தவிர ஹீட்டர் அதிகம் எரியாது. தண்ணீர்தான் பாடு. நான் இரண்டு அங்குலக் குட்டிகளையும் வாங்கினேன், ஐந்து அங்குல மீன்களையும் வாங்கினேன். குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து வேளை தீனி வேண்டும், அதற்கேற்ப நிறையத் தண்ணீர் மாற்றம் வேண்டும். வேலைக்குப் போகிறவன் வீட்டில் அவை முழு அளவுக்கு வளரவே இல்லை, கண் மட்டும் பெரிதாகத் தெரியும். வளர்ந்த மீன்கள் வந்த சில நாளில் பழகி, இன்றும் கையிலிருந்து தின்கின்றன. டிஸ்கஸில் மட்டும் அளவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை. இன்னொருவர் மாற்றிய ஒரு வருடத்துத் தண்ணீரை வாங்குகிறீர்கள்.

ஃப்ளவர்ஹார்ன் விலை எனக்கு இன்றுவரை ஒப்புதல் இல்லை. 1990களில் மலேசியாவில் அமெரிக்கக் கண்டத்து சிக்லிட் குடும்ப மீன்களைக் கலந்து உருவாக்கியது. இதன் விலையே நெற்றியில் எழும்பும் புடைப்புக்குத்தான். ஒரு ஈற்றில் அது நன்றாக எழும்புவது கொஞ்சம்தான், மீதியைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள். அதுவரை சரி. ஆனால் அந்தப் புடைப்பு மீனின் உடல்நிலையைப் பொறுத்து ஏறி இறங்கும். என் மீனுக்கும் இறங்கியது, அப்புறம் பாதி திரும்பியது. வாஸ்து என்று சொல்லி ஏற்றும் விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சட்டம் ஏற்றும் விலை தனி ரகம். ஆசிய அரோவானா, அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவுபெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் சிப் பொருத்தி, சான்றிதழோடுதான் நாடு தாண்ட வேண்டும். போதாததற்கு பருவம் வரவே சில வருடங்கள் ஆகும், கொஞ்சம் முட்டைதான், அதையும் ஆண் வாயில் வைத்துக் காக்கும். தென்னமெரிக்க வெள்ளி அரோவானா அதில் ஒரு சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். அது மூன்றடி வளரும்.

மலிவில்தான் பெரிய பொறி இருக்கிறது. ‘ஷார்க்’ என்று இருபது ரூபாய்க்கு விற்கும் குட்டி, சாப்பாட்டுக்காக ஆந்திரக் குளங்களில் வளர்க்கும் பங்காசியஸ். உணவுக்காக லட்சக்கணக்கில் பொரிப்பதால் குஞ்சு விலை ஒன்றுமே இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய அதற்கு எந்த வீட்டுத் தொட்டியும் போதாது. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீனும் இதே கதை. வளர்ந்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், ஏற்கனவே நம் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. சாயம் ஏற்றிய விடோ டெட்ராவுக்கும் பத்து ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம். சில மாதங்களில் நிறம் வெளுத்துவிடும்.

இப்போதெல்லாம் கடையில் விலை கேட்பதற்கு முன்னால், மீன் வந்த பெட்டி எப்போது வந்தது என்று கேட்கிறேன். நேற்றுதான் வந்தது என்றால் வாங்குவதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அந்தத் தொட்டியில் இருந்து, என் கண் முன்னால் தீனி எடுக்கிற மீன் என்றால், பேரம் பேசாமல் சொன்ன விலை கொடுத்து எடுத்து வருகிறேன்.