கல்வாழைப் படுகை: போட்டுச் சில வருடம் கழித்து

2019 கோடையில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னை லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்ததே, அதற்கப்புறம் தாம்பரம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் போட்டது இந்தக் கல்வாழைப் படுகை. குளித்த, துவைத்த தண்ணீரை ஜல்லி வழியாக விட்டுச் சுத்தம் செய்து மரங்களுக்கு அனுப்பும் தொட்டி; மேலே கல்வாழை, அதாவது பூவுக்காக வளர்க்கும் கன்னா செடி. நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. அதில் குளிக்க 55, துணி துவைக்க 20. பாதிக்கு மேல் வெறும் சோப்புத் தண்ணீர்.

எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் தொட்டி. இரண்டு முனையிலும் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, நடுவில் முக்கால் ஜல்லி, மேலே கல்வாழை. வெளியேறும் குழாயின் வாய் ஜல்லி மட்டத்துக்கு மூன்று விரற்கடை கீழே. தண்ணீர் கண்ணில் படாது, கொசுவும் முட்டையிடாது. பார்க்க வருகிறவர்கள் பூவைத்தான் பாராட்டுகிறார்கள். அழுக்கைத் தின்பது பெரும்பாலும் ஜல்லியில் படலமாக ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தான். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் அவற்றைக் கொன்றுவிடும். பாத்ரூம் கழுவுகிற நாளில் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்ப ஒரு வால்வு வேண்டும். கேட்டு வாங்கிப் போடுங்கள், பிளம்பர் தானாகப் போடமாட்டார்.

சமையலறைத் தண்ணீரைச் சேர்க்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கத் தனித்தொட்டி வைத்து அடிக்கடி அள்ள வேண்டும். அந்தப் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

பலரும் சொல்லாத ஒன்று: படுகை உப்பை எடுக்காது. சலவைத்தூளில் சோடியம் அதிகம், களிமண்ணில் அது சேரச் சேர மண் இறுகித் தண்ணீர் இறங்காது. நாங்கள் திரவ டிடர்ஜெண்டுக்கு மாறினோம். மிச்ச உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிடும். மழை பொய்த்த வருடம், இந்தத் தண்ணீர் பாயும் வாழைமரத்தின் இலையோரம் கருகுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

வெளிவரும் தண்ணீரைச் சேமிக்காதீர்கள், மறுநாளே நாறும். எங்களுக்கு நேராகத் தென்னைக்கும் வாழைக்கும் போகிறது. கீரைக்கு விடுவதில்லை. சின்ன வயதில் ஊரில் குளிக்கிற தண்ணீர் ஓடியதும் வாழைக்குத்தான். அப்போது துணிக்கு இவ்வளவு தூள் போடவில்லை.

பராமரிப்பு அதிகமில்லை. வாஷிங் மெஷின் குழாயில் நைலான் துணிப்பை கட்டிப் பஞ்சைப் பிடிக்கிறோம். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் புதுக்குருத்து வரும். தண்ணீர் நுழையும் முனையில் உள்ள ஜல்லியை மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை அள்ளிக் கழுவ வேண்டும். அன்று கூலிக்கு ஓர் ஆள் தேவைப்படும்.