எவோ 6-ஐ வளைவில் திருப்புவது: நீண்ட நாள் ஓட்டியதில் கண்டது

போன கிழமை வெள்ளவத்தையிலிருக்கும் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மச்சான், யூஸ்ட் கார் பக்கத்தில டாமி மாக்கினென் எவோ வந்திருக்கு. எடுக்கவா, இல்லாட்டி நிசான் ஜிடிஆருக்குக் காசு சேர்க்கவா?" எடு என்றோ எடுக்காதே என்றோ ஒற்றை வரியில் முடிக்க என்னால் முடியவில்லை. அவன் கேட்டது கிரான் டுரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேமைப் பற்றி. அதில் நான் அதிகம் ஓட்டிய கார் அந்த எவோதான். அதிகம் கோபப்பட்டதும் அதனிடம்தான். அதோடு, கன்ட்ரோலரைத் திருத்தி எடுத்து வந்த பிறகு செட்டிங் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது. எல்லாம் மனதில் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

காரைப் பற்றித் தெரியாதவர்கள் இதை வாசிக்கப் போவதில்லை. 2 லீட்டர் டர்போ, 280 குதிரைவலு, சுமார் 1,360 கிலோ, நாலு சில்லுக்கும் இழுவை. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ரேலி சாம்பியனான மாக்கினெனின் பெயரில் வந்த எவோ 6, அதாவது மிட்சுபிஷி லான்சர் எவோல்யூஷன் 6. அவ்வளவு போதும்.

கொழும்பில் வளர்ந்தவனுக்கு இந்தக் கார் மீது வேறொரு ஈர்ப்பும் உண்டு. லான்சர் என்பது இங்கே மாமா வீட்டு போர்ட்டிகோவில் நின்ற கார், அதனால் அதே பெயரில் ஒரு ரேலி கார் இருக்கிறது என்பதே சின்ன வயதில் பெரிய விஷயம். ஆனால் நிஜத்தில் ஒன்றை வாங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில், அதுவும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும் விலையில். பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு டிஃப்பை (சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியலை) தேடிப் பிடித்து, மெக்கானிக் பாஸிடம் கொடுத்துப் பூட்டி, சரிவராவிட்டால் கழற்றி, இன்னொன்றைப் போட்டுப் பார்க்கிற வசதி எனக்கில்லை. கேமில் அது இருக்கிறது. இந்தக் காரோடு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்கு அதுதான் காரணம்.

சரி, பிரச்சினைக்கு வருவோம். அண்டர்ஸ்டியர், அதாவது எவ்வளவு திருப்பினாலும் கார் போதிய அளவு திரும்பாமல் வெளிப்பக்கம் போவது. நாலு சில்லு இழுவைக் கார் என்றாலே எல்லோரும் சொல்வதுதான், ஆனால் சொல்வதற்கும் அதோடு தினமும் இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஜப்பானின் சுகுபா ட்ராக்கில் கடைசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க நேர்பாதை முடிந்து வலப்பக்கமாக நீண்டு சுற்றும் வளைவு. பிரேக்கை அழுத்துகிறீர்கள், ஏபிஎஸ் துடிப்பது இடது டிரிகரில் தெரிகிறது, மெதுவாக விட்டுக்கொண்டே ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுகிறீர்கள், முதல் கொஞ்ச தூரம் கார் சொன்னபடி கேட்கிறது. பாதி வளைவில் முன் டயர்கள் கீச்சென்று கத்தத் தொடங்கும், மூக்கு மெல்ல மெல்ல வெளியே போகும், ஸ்டிக் ஏற்கெனவே ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், இனித் திருப்ப ஒன்றும் மிச்சமில்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொடவும் முடியாது, தொட்டால் இன்னும் வெளியே போகும். காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பின்சில்லு இழுவைக் கார் வைத்திருப்பவன் அதே இடத்தில் பின்பக்கத்தைக் கொஞ்சம் அசைத்துவிட்டு ஏற்கெனவே ஆக்ஸிலரேட்டருக்குப் போயிருப்பான்.

காரணம் பெரிய மர்மமில்லை. இன்ஜின் முன்னால், குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, காரின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்சில்லுகள் மேல். புறக்கோட்டையில் நாட்டாமிமார் கைவண்டியில் மூட்டை அடுக்குவதைப் பார்த்தால் விளங்கும், பாரம் முழுக்க ஒரு பக்கம் தள்ளிப்போனால் வண்டி எவ்வளவு பலமானவனுக்கும் வளைந்து கொடுக்காது. இங்கே அந்த முன் டயர்கள் பாரம் தாங்குவதோடு விடவில்லை. பிரேக்கின் பெரும்பகுதியும் அவைதான், திரும்புவதும் அவைதான், இழுவையில் பங்கும் அவைக்கு. ஒரு டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றுதான். மூன்று வேலைக்கும் அதைத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் சென்டர் டிஃப்பை வாங்கி, டார்க்கை (சில்லைச் சுழற்றும் விசையை) 10:90 என்று பின்னுக்குத் தள்ளிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு இந்த அறிவுரை மீது உண்மையாகவே கோபம். யோசித்துப் பாருங்கள், மூக்கு வெளியே போகத் தொடங்குவது பிரேக்கை விட்டுக்கொண்டே உள்ளே நுழையும்போது, அதாவது ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாத நேரத்தில். இன்ஜினிலிருந்து சில்லுக்கு இழுவை போகாத அந்த நேரத்தில் அதை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பிரித்தால் என்ன? 10:90 வைத்தால் நுழைவில் அதே அண்டர்ஸ்டியர் அப்படியே இருக்கும், வெளியேறும்போது மட்டும் பின்சில்லு சுழன்று விளையாடும். கோளாறு ஒரு இடத்தில், மருந்து இன்னொரு இடத்தில். அதற்கு மேல், நாலு சில்லு இழுவை தரும் ஒரே பெரிய லாபத்தை, வளைவிலிருந்து அது பாய்ந்து வெளியே வருகிற விதத்தை, நீங்களே கையால் கொடுத்துவிடுகிறீர்கள்.

நான் 35:65-இல் நிறுத்திக்கொண்டேன். உண்மையான வேலை வேறு இடங்களில் நடந்தது. முதலாவது பிரேக் பேலன்ஸ், முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் இடையிலான பங்கீடு. அதைப் பின்னுக்கு இரண்டு படி நகர்த்தியது, அதிகம் செலவில்லாத, ஆனால் அதிகம் பலன் தந்த மாற்றம். நுழைவில் கார் தானாகவே கொஞ்சம் சுழன்று கொடுக்கத் தொடங்கியது. இரண்டாவது முன் டிஃப். பலர் பின் டிஃப்பை மட்டும் நோண்டிவிட்டு முன்னதை வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். முன் இனிஷியல் டார்க்கை (டிஃப்பின் அடிப்படை இறுக்கத்தை) ஆகக் குறைந்த 5-க்கு இறக்கினேன், ஆக்ஸிலரேஷன் சென்சிட்டிவிட்டியையும் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அது இறுகும் அளவை) 10-க்குக் கீழே கொண்டுவந்தேன். முன் டிஃப் இறுகி இருந்தால் இடது வலது சில்லுகள் ஒரே வேகத்தில் சுழலப் பார்க்கும், கார் நேராகப் போகவே ஆசைப்படும். தளர்த்திவிட்டால் உள்சில்லு மெதுவாகவும் வெளிச்சில்லு வேகமாகவும் போக இடம் கிடைக்கும். பின்பக்கம் இதற்கு நேர்மாறு, ஆக்ஸிலரேஷன் சென்சிட்டிவிட்டி 25-க்கு மேல், ஆனால் பிரேக்கிங் சென்சிட்டிவிட்டி குறைவாக. இல்லாவிட்டால் கால் எடுத்ததும் பின்பக்கம் கட்டிப்போட்ட மாதிரி நிற்கும்.

அப்புறம் சஸ்பென்ஷன். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார் முன்னால் 3, பின்னால் 7. பின் ஸ்பிரிங்கை முன்னதைவிட இறுக்கமாக்கி, பின்பக்கத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினேன். முன் கேம்பர் (சில்லின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) 2 பாகைக்குச் சற்று மேல். கூடுதல் பாரமான பாலஸ்ட்டைப் பின்னால் ஏற்றி எடையைச் சமப்படுத்துவதும் ஒரு வழி, பலர் செய்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. 1,360 கிலோவுக்குக் குறைக்கப் பாடுபடும் காரில் இரும்பைத் தூக்கிப் போடுவதில் என்ன இருக்கிறது? யூஸ்ட் காரை எடுப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது கேமின் பராமரிப்புக் கடையான ஜிடி ஆட்டோவில் பாடி ரிஜிடிட்டியை (உடலின் இறுக்கத்தை) மீட்டெடுப்பது. பழைய காரில் உடல் தளர்ந்திருந்தால் மேலே சொன்ன எண்கள் ஒன்றும் சரியாகப் பேசாது. எண்ணெய் மாற்றுவதைச் சொல்லவே தேவையில்லை.

இப்படி ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து நிம்மதியாக இருந்தபோதுதான் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தானாக நகரத் தொடங்கியது. நாள்பட்டால் எந்த ஸ்டிக்குக்கும் வருகிற தேய்மானம்தான். பம்பலப்பிட்டியில் ஒரு சின்னக் கடையில் கொடுத்து உள்ளேயிருக்கும் மொடியூலை மாற்றி எடுத்தேன், வேலை சுத்தம். ஆனால் வீட்டுக்கு வந்து சுகுபாவில் இறக்கினால் வேறொரு கார்! முதல் வளைவிலேயே பின்பக்கம் விசுக்கென்று சுற்றியது. பழைய ஸ்டிக் தளர்ந்து போய், நடுவில் கொஞ்ச தூரம் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறது. அந்த மந்தத்துக்கு ஈடாகத்தான் காரின் பின்பக்கம் இவ்வளவு துடிப்பாக வைக்கப்பட்டிருந்தது. புது ஸ்டிக்குக்கு அந்தத் துடிப்பு தேவையில்லை. பின் ஆன்டி-ரோல் பாரை 7-இலிருந்து 6-க்கு இறக்கி, பிரேக் பேலன்ஸில் ஒரு படி முன்னுக்கு வந்தவுடன் திரும்பக் கைக்கு அடங்கியது. ஆகவே மற்றவர்கள் போடும் செட்டிங் எண்களை அப்படியே நகலெடுப்பவர்களுக்குச் சொல்கிறேன், நான் மேலே தந்ததையும் சேர்த்துத்தான்: அந்த எண்களில் பாதி காருக்கு உரியது, மீதி எழுதியவரின் கைக்கும் கன்ட்ரோலருக்கும் உரியது. போட்டுப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. செட்டிங் ஷீட்டைத் தனித்தனியாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

இவ்வளவு குறை சொன்னேன், இனி நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மழை.

பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் ரேஸ் நடுவே மழை இறங்கும்போது இந்தக் காரில் இருந்து பாருங்கள். லா சோர்ஸ் வளைவில் முன்னால் போகிற பின்சில்லு இழுவைக் கார்கள் ஆக்ஸிலரேட்டரைத் தொடப் பயந்து நத்தை மாதிரி வெளியே வரும். எவோ நாலு சில்லையும் ஊன்றிக்கொண்டு கிளம்பும். ஈரத்தில் எல்லோருமே மெதுவாகத்தான் திரும்ப வேண்டும், ஆகவே அண்டர்ஸ்டியர் என்ற குறை அங்கே குறையாகவே தெரிவதில்லை. வெளியேறும் பாய்ச்சல் மட்டும் அப்படியே லாபமாக நிற்கிறது. ஈரத்துக்கு மட்டும் டார்க்கை 40:60 ஆக்கி, பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தித் தனி ஷீட் வைத்திருக்கிறேன். ரேசிங் லைன் காய்ந்துகொண்டு வரும் அந்த இடைப்பட்ட சில சுற்றுகள், ஒரு பக்கச் சில்லு காய்ந்த தாரில், மறுபக்கம் நீரில் என்று ஓடும்போது இந்தக் கார் தரும் தைரியம் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ரேலிக்குப் பிறந்த கார் என்பது அங்கே விளங்கும்.

அப்ப நண்பனுக்கு என்ன சொல்வது? எடுக்காதே, மச்சான். ஜிடிஆருக்கே காசு சேர். அது 1,500 கிலோவைத் தாண்டிய பாரமான கார்தான், ஆனால் அதன் நாலு சில்லு இழுவை அடிப்படையில் பின்சில்லுக் கார். பின்பக்கம் வழுக்கினால்தான் முன்னுக்குப் பங்கு அனுப்பும். நீ பெரும்பாலும் காய்ந்த ட்ராக்கில் ஓட்டுகிறவன், உனக்குப் பொறுமையும் குறைவு, சுகுபா கடைசி வளைவில் அந்தக் காத்திருப்பு உன்னைச் சிதைத்துவிடும். நான் அவ்வளவு மாற்றியும் அது முழுவதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது, அவ்வளவே. நேற்றிரவும் அதே வளைவில் அரை வினாடி விட்டுக் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தேன். என்னுடையதை விற்கச் சொன்னால் மட்டும் விற்க மாட்டேன்.

இதை வாசித்த பிறகும் எடுப்பேன் என்பவர்களுக்கு இன்னொன்று. சுகுபா 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் குட்டி ட்ராக், ஸ்பா 7 கிலோமீட்டர். சுகுபாவுக்கு வைத்த கிட்டமான கியரோடு ஸ்பா போனால் கெம்மெல் நேர்பாதையின் பாதியிலேயே இன்ஜின் அதன் சுழற்சி எல்லையான லிமிட்டரில் முட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் வருகிறவன் எல்லாம் கடந்து போவான். ஃபைனல் கியரை மட்டும் நீட்டிவிடுங்கள், மற்ற எண்களைத் தொடத் தேவையில்லை.